கண் அட்டையில் மதிப்பெண் போடுவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுவரில் எழுத்து அட்டையை மாட்டி, ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, தாளில் 6/9, 6/12 என்று எழுதும் வேலை பார்ப்பதற்குச் சுலபமாகத் தெரியும். படிக்கச் சொல்வது சுலபம்தான். எந்த எண்ணை எழுதுவது என்ற இடத்தில்தான் பேனா நிற்கும். ஆறு எழுத்தில் இரண்டு தப்பானால் அந்த வரியைக் கொடுக்கலாமா? கண்ணை இடுக்கிப் படித்தால் கணக்கில் சேருமா? புதிதாக வரும் தன்னார்வலர்களுக்கு இதைச் சொல்லித் தருவது என் வேலைகளில் ஒன்று. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவை இவை. எல்லாமே ஸ்கிரீனிங் எனப்படும் முதல்நிலைச் சோதனைக்கு மட்டும். என்ன நோய், என்ன பவர் என்பதெல்லாம் மருத்துவர் பார்த்துக்கொள்வார்.

6/12 என்று எழுதுகிறோமே, மேலே உள்ள 6 எது, கீழே உள்ள 12 எது?

மேல் எண், சோதிக்கப்படுபவர் அட்டையிலிருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறார் என்பது. கீழ் எண், அவர் கடைசியாகப் படித்த வரியின் பெயர். இயல்பான பார்வை உள்ளவர் அந்த வரியை எத்தனை மீட்டரிலிருந்து படிப்பாரோ, அதையே வரிக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள். ஆக 6/12 என்றால், மற்றவர் 12 மீட்டரில் நின்று படித்துவிடும் எழுத்தை இவர் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறார்.

இந்த முறையை 1862-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்துக் கண் மருத்துவர் ஹெர்மன் ஸ்னெல்லன் வெளியிட்டார். அவர் கணக்கு எளிமையானது. ஒரு டிகிரியை அறுபதாகப் பங்கிட்டால் ஒரு பங்குக்கு ஒரு நிமிடம் என்று பெயர். எழுத்தின் முழு உயரம் கண்ணில் 5 நிமிடக் கோணம் பிடிக்க வேண்டும், அதில் உள்ள ஒவ்வொரு கோடும் 1 நிமிடம் பிடிக்க வேண்டும். 6 மீட்டரில் இந்தக் கணக்கைப் போட்டால் 6/6 வரி எழுத்தின் உயரம் சுமார் 8.7 மில்லிமீட்டர் வரும். உச்சியில் தனியாக நிற்கும் 6/60 எழுத்து அதைப்போல் பத்து மடங்கு, 87 மில்லிமீட்டர். இந்த 87-ஐ மறக்காதீர்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

சில அட்டைகளில் 20/20, 20/40 என்று இருக்கிறதே?

அதே கணக்கு, மீட்டருக்குப் பதில் அடி. 20 அடி ஏறக்குறைய 6 மீட்டர். 20/20-உம் 6/6-உம் ஒன்று, 20/40-உம் 6/12-உம் ஒன்று. ஒரே தாளில் இரண்டையும் கலந்து எழுதாமல் இருந்தால் போதும்.

தூரத்தை எங்கிருந்து எதுவரை அளக்க வேண்டும்?

கண்ணிலிருந்து அட்டை வரை. கண்ணில் டேப்பைப் பிடிக்க முடியாது என்பதால் தரையில் ஒரு கோடு ஒட்டிவிடுவார்கள். நின்று படிப்பவரின் குதிகால் அந்தக் கோட்டில் இருக்க வேண்டும். உட்கார்ந்து படித்தால் நாற்காலியின் பின்னங்கால்கள் கோட்டில். கால் கட்டைவிரலைக் கோட்டில் வைத்து நின்றால் ஒரு பாத நீளம் பின்னால் போய்விடுகிறார், அது பெரிய கேடில்லை. பிள்ளைகள் செய்வது நேர் எதிர். குதிகால் கோட்டில் இருக்கும், இடுப்புக்கு மேல் உடம்பு அட்டையை நோக்கிச் சாய்ந்திருக்கும். நாற்காலி போட்டு, முதுகைச் சாய்த்து உட்காரச் சொன்னால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

அட்டையின் உயரமும் கவனம். படிப்பவரின் கண்மட்டத்துக்கு ஏறக்குறைய நேராக இருக்கட்டும். வெளிச்சம் அட்டை மீது சீராக விழ வேண்டும். ஜன்னலுக்குப் பக்கத்தில் மாட்டினால் அட்டை மங்கி, ஜன்னல் கண்ணைக் கூசவைக்கும். மினுமினுப்பான தாளில் அச்சிட்ட அட்டையில் விளக்கு பிரதிபலித்து நடுவில் இரண்டு எழுத்தை மறைத்திருப்பதை, அந்த நாற்காலியில் ஒரு தடவை நீங்களே உட்கார்ந்து பார்த்தால்தான் கண்டுபிடிப்பீர்கள்.

எங்கள் அறையில் 6 மீட்டர் இடமே இல்லை. 3 மீட்டரில் வைத்தால் என்ன?

வைக்கலாம். எழுதும்போது அதைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதில்தான் நான் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன்.

இந்த வேலைக்கு வந்த புதிது. குறுகிய அறை. 6 மீட்டருக்கான அட்டையை 3 மீட்டரில் மாட்டிவிட்டு, காலை முழுக்க 6/6, 6/6 என்று எழுதித் தள்ளினோம். எல்லாப் பிள்ளைக்கும் கண் பிரமாதமாக இருக்கிறதே என்று எங்களுக்குள் மகிழ்ச்சி வேறு. மதியம் கூட வந்த ஒருவர் சந்தேகப்பட்டுத் தரையை அளந்தார். 6/6 வரியை 3 மீட்டரில் படித்தால் அது 3/6, அதாவது 6/12-க்குச் சமம். அதைவிட நன்றாகப் பார்க்கிறார்களா என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் அந்த அட்டையில் 6/6-க்குக் கீழே வரியே கிடையாது. அத்தனை பேரையும் மறுபடி கூப்பிட்டு, கதவைத் திறந்து வராந்தா வரை தூரத்தை நீட்டி, முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

சரியான வழிகள் மூன்று. 3 மீட்டருக்கென்றே அச்சிட்ட அட்டையை வாங்குவது. அல்லது 3 மீட்டரில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டி, இடம்வலம் திருப்பி அச்சிட்ட அட்டையைப் படிப்பவரின் தலைக்குப் பின்னால் வைப்பது. பிம்பம் வழியாகப் போய்வரும் தூரம் 6 மீட்டர் ஆகிவிடும். இரண்டும் இல்லையென்றால் மேல் எண்ணில் உள்ளதை உள்ளபடி 3 என்று எழுதுவது. 3/12 என்று எழுதியிருந்தால் பின்னால் பார்ப்பவர் 6/24 என்று புரிந்துகொள்வார்.

இணையத்தில் கிடைத்த அட்டையை அச்சிட்டேன். நம்பலாமா?

ஸ்கேல் எடுத்து உச்சி எழுத்தின் உயரத்தை அளங்கள். 87 அல்லது 88 மில்லிமீட்டர் இருந்தால் 6 மீட்டருக்குச் சரி. அச்சுப்பொறி தாளுக்குள் அடக்குவதற்காகச் சுருக்கியிருந்தால் 71, 75 என்று ஏதாவது வரும். அதற்காகக் கிழித்துப் போட வேண்டாம். அளந்ததை 87.3-ஆல் வகுத்து 6-ஆல் பெருக்குங்கள். 71 என்றால் 4.88 மீட்டர். அந்தத் தூரத்தில் வைத்தால் அட்டையில் உள்ள வரிப் பெயர்கள் அப்படியே செல்லும். எழுத்தின் விளிம்பு புள்ளி புள்ளியாக உடைந்திருந்தால் மட்டும் தூக்கி எறிந்துவிடுங்கள்.

எந்தக் கண்ணை முதலில் சோதிப்பது? எப்படி மூடுவது?

வழக்கம், முதலில் வலது கண். மருத்துவ ரீதியாகக் காரணம் ஒன்றுமில்லை. எல்லோருக்கும் ஒரே வரிசை என்றால் எழுதும்போது இடது வலது மாறாது என்பதுதான் லாபம்.

மூடுவதில்தான் பாதிப் பிழை. உள்ளங்கையால் மூடச் சொன்னால் விரல் இடுக்கு வழியாகப் பார்ப்பார்கள், வேண்டுமென்று செய்வதில்லை, கண் தானாகவே தேடிப் போகும். அழுத்தி மூடினால் அடுத்து அந்தக் கண்ணைச் சோதிக்கும்போது சில நிமிடம் மங்கலாக இருக்கும். பிளாஸ்டிக் மூடி இருந்தால் நல்லது. சிறு பிள்ளைகளுக்குக் கண்மேல் ஒட்டும் பட்டை இன்னும் நல்லது. எதுவும் இல்லையென்றால் தடித்த அட்டைத் துண்டு. மூடிய கண் உள்ளே திறந்தே இருக்கட்டும்.

அட்டை அருகில் ஒருவர், படிப்பவர் அருகில் ஒருவர் என்று இரண்டு பேர் இருந்தால் மிச்சம் கவலை இல்லை. பக்கத்தில் நிற்பவர் காதால் கேட்பதைவிடக் கண்ணால் பார்ப்பதே முக்கியம். தலை திரும்புகிறதா, மூடி நழுவுகிறதா, இமையை இடுக்குகிறாரா? இடுக்கிப் படித்தது கணக்கில் சேராது. இமை இடுக்கு ஒரு சிறு துளை மாதிரி வேலை செய்து, கிட்டப்பார்வை உள்ளவருக்கே இரண்டு வரி கூடுதலாகப் படிக்கவைத்துவிடும். "கண்ணை நல்லாத் திறந்து படிங்க" என்று சொல்லி அந்த வரியைத் திரும்பக் கேளுங்கள்.

ஒரு வரியில் எத்தனை எழுத்து சரியாகச் சொன்னால் அந்த வரியைக் கொடுக்கலாம்?

பொதுவான விதி, பாதிக்கு மேல். ஐந்து எழுத்து வரியில் மூன்று, ஆறில் நான்கு, ஏழில் நான்கு, நான்கில் மூன்று. சரிபாதி போதாது. ஆறில் மூன்று சொன்னால் அந்த வரி கிடையாது, மேல் வரிதான் மதிப்பெண்.

நேரில் பார்ப்பது போல ஒன்று சொல்கிறேன். 6/9 வரியில் என், சி, கே, வி, ஓ, ஹெச் என்று ஆறு எழுத்து இருக்கிறது. பிள்ளை "என், ஓ, கே, வி, சி, ஹெச்" என்கிறது. இரண்டாவதும் ஐந்தாவதும் தப்பு, நான்கு சரி. வரி கிடைத்தது. அடுத்த 6/6 வரியில் ஏழு எழுத்து. முதல் மூன்றைச் சரியாகச் சொல்லிவிட்டு, நான்காவதில் கழுத்தை நீட்டி, மிச்சத்தை "தெரியல" என்று விட்டுவிடுகிறது. ஏழில் மூன்று, பாதிக்குக் குறைவு. மதிப்பெண் 6/9.

இதில் பலர் சறுக்கும் இடம் இரக்கம். "சி, ஓ இரண்டும் ஒரே மாதிரிதானே, விட்டுவிடலாம்" என்று மனதுக்குள் ஒரு எழுத்தைச் சேர்த்துக்கொள்வோம். வட்டத்தில் இடைவெளி இருக்கிறதா இல்லையா என்பதைத்தான் அந்த எழுத்து சோதிக்கிறது. சி-யை ஓ என்று சொன்னால் இடைவெளி தெரியவில்லை என்று பொருள். தப்பு தப்புதான். இங்கே மதிப்பெண் கூட்டிப் போடுவது பிள்ளைக்குக் கண்ணாடி கிடைப்பதைத் தள்ளிப் போடுவதாகும்.

சில திட்டங்கள் இன்னும் கடுமையான விதி வைத்திருக்கும், ஒரு எழுத்துதான் தப்பலாம் என்பது மாதிரி. கையில் உள்ள தாள் என்ன சொல்கிறதோ அதைப் பிடியுங்கள். காலையில் ஒரு விதி, களைத்துப்போன சாயங்காலம் ஒரு விதி என்று மட்டும் ஆகக்கூடாது.

6/9-2, 6/9+3 என்றெல்லாம் எழுதுகிறார்களே?

கொடுத்த வரியில் எத்தனை தப்பு என்பதை மைனஸ் காட்டும். மேலே சொன்ன பிள்ளைக்கு 6/9-2. ஒரு வரி முழுதும் சரி, அடுத்த வரியில் பாதிக்குக் குறைவாகச் சில எழுத்து மட்டும் சரி என்றால் பிளஸ். 6/9 முழுதும் சரியாகி 6/6-இல் மூன்று வந்திருந்தால் 6/9+3. பிளஸ், மைனஸ் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்ப வேண்டாம். மருத்துவரிடம் அனுப்புவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும்போது வரி மட்டுமே பேசும். பிளஸும் மைனஸும் அடுத்த வருடம் ஒப்பிட்டுப் பார்ப்பவருக்கு உதவும்.

எல்லோரையும் உச்சியிலிருந்து கடைசி வரி வரை படிக்கவைக்க வேண்டுமா?

வேண்டாம். நூறு பேர் வரிசையில் நிற்கும்போது அது கட்டுப்படியாகாது, சிறு பிள்ளைகள் பாதியில் சலித்துவிடுவார்கள், அந்தச் சலிப்பைப் பார்வைக் குறை என்று நாம் எழுதிவிடுவோம். இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பெரிய வரி ஒன்றில் பழக்கிவிட்டு, ஒரு கண்ணை மூடி, நேராக அந்த வயதுக்கான வரம்பு வரிக்குப் போங்கள் (எந்த வயதுக்கு எந்த வரி என்பது பின்னால் வருகிறது). தேறினால் போதும். தேறாவிட்டால் மட்டும் மேல் வரிகளுக்கு ஏறி, எங்கே படிக்கிறார் என்று பார்த்து எழுதுங்கள்.

தயங்கிச் சொன்னால்? சொன்னதைத் திருத்தினால்?

நேரமெடுப்பது தப்பாகாது. அடுத்த எழுத்துக்குப் போகும் முன் தானாகத் திருத்திக்கொண்டால் திருத்தியதைக் கணக்கில் எடுங்கள். "சி-யா ஓ-வா தெரியல" என்றால் ஏதாவது ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள், முதலில் வாயில் வந்ததை எழுதுங்கள். "சரியாப் பாரு" என்று நீங்கள் சொன்ன உடனே மாற்றினால் அது செல்லாது. உங்கள் முகம் பதிலைக் கொடுத்துவிட்டது. அதனால்தான் சரிக்கும் தப்புக்கும் ஒரே மாதிரி "ம், அடுத்தது" என்று சொல்லிப் பழக வேண்டும். இது நினைப்பதைவிடக் கஷ்டம்.

"தெரியல" என்று உடனே நிறுத்துபவரை ஊகிக்கச் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர், உறுதியாகத் தெரியாத எதையும் வாய்விட்டுச் சொல்லமாட்டார். அதே கண் உள்ள துடுக்கான ஆள் ஒரு வரி கூடுதலாக எடுத்துவிடுவார்.

எழுத்து தெரியாத பிள்ளைக்கும் பெரியவருக்கும் என்ன செய்வது?

ஆங்கில ஈ எழுத்து நான்கு திசையில் திரும்பியிருக்கும் அட்டை இருக்கிறது. அதன் மூன்று கோடுகளும் எந்தப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கின்றன என்று கையால் காட்டினால் போதும். வளையத்தில் இடைவெளி எந்தப் பக்கம் என்று காட்டும் லாண்டோல்ட் வளையமும் உண்டு. மூன்று நான்கு வயதுக்கு, ஃபின்லாந்துக் கண் மருத்துவர் லியா ஹுவாரினென் வடிவமைத்த லியா படங்கள் ஏற்றவை. ஆப்பிள், வீடு, வட்டம், சதுரம் என்று நான்கே படம். பிள்ளை ஆப்பிளை "இதயம்" என்றால் கடைசி வரை இதயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சோதிக்கவில்லை, பிரித்துப் பார்க்கத் தெரிகிறதா என்றுதான் பார்க்கிறோம். பேசவே மாட்டேன் என்றால் கையில் நான்கு படமும் உள்ள தாளைக் கொடுத்துத் தொட்டுக் காட்டச் சொல்லலாம்.

மதிப்பெண்ணில் ஒரு சங்கதி உண்டு. நான்கே விடை என்றால் குருட்டாம்போக்கில் சொன்னாலும் நாலில் ஒன்று சரியாகிவிடும். ஐந்து ஈ உள்ள வரியில் மூன்று சரி போதும் என்று வைத்தால், ஒன்றுமே தெரியாதவர் அதிர்ஷ்டத்தில் தேற நூற்றுக்குப் பத்து வாய்ப்பு. நான்கு சரியாக வேண்டும் என்றால் அது நூற்றுக்கு இரண்டுக்கும் கீழே இறங்கிவிடும். பத்து வேறு வேறு எழுத்து உள்ள அட்டையில் ஐந்தில் மூன்று என்ற விதியிலேயே அது நூற்றுக்கு ஒன்றுகூட வராது. விதி சொல்லப்படாத இடத்தில் ஈ அட்டைக்கு நான் ஐந்தில் நான்கு கேட்பேன்.

பிள்ளைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று ஒவ்வொரு எழுத்தாக மறைத்துக் காட்டலாமா?

சுலபமாகத்தான் இருக்கும், அதுதான் சிக்கல். சோம்பல் கண் (ஒரு கண்ணை மூளை கைவிட்டுவிடும் குறை) உள்ள பிள்ளை தனி எழுத்தை நன்றாகப் படிக்கும், பக்கத்தில் எழுத்துகள் நெருங்கி நின்றால் தடுமாறும். தனித்தனியாகக் காட்டினால் நாம் பிடிக்க வேண்டிய பிள்ளையே தேறிப் போய்விடும். முழு வரியும் தெரியட்டும், எந்த எழுத்து என்பதை விரலால் கீழிருந்து சுட்டிக் காட்டுங்கள், எழுத்தை விரலால் மறைக்காமல். தனி எழுத்தாகவே காட்ட வேண்டி வந்தால் சுற்றிலும் கோடு போட்ட அட்டைகள் கிடைக்கின்றன.

லாக்மார் அட்டை என்றால் என்ன? அதில் மதிப்பெண் வேறு மாதிரி வருகிறதே?

ஸ்னெல்லன் அட்டையில் உச்சியில் ஒரு எழுத்து, அடியில் ஏழெட்டு. வரிக்கு வரி அளவு குறைவதும் ஒரே விகிதத்தில் இல்லை, 60-இலிருந்து 36-க்கு ஒரு தாவல், 9-இலிருந்து 6-க்கு வேறு தாவல். இதைச் சரிசெய்ய இயன் பெய்லி, ஜேன் லோவி இருவரும் 1976-இல் கொண்டுவந்ததுதான் லாக்மார் அட்டை. எல்லா வரியிலும் ஐந்து எழுத்து, ஒவ்வொரு வரியும் ஒரே விகிதத்தில் சிறுத்துக்கொண்டே போகும். அதனால் அட்டை தலைகீழ் முக்கோணமாக இருக்கும்.

இங்கே வரியைக் கொடுப்பதா வேண்டாமா என்ற தகராறே இல்லை. ஒரு வரிக்கு 0.1, ஒரு எழுத்துக்கு 0.02. இயல்பான 6/6 என்பது 0.0. எண் கூடக் கூடப் பார்வை மோசம், இது முதலில் எல்லோரையும் குழப்பும். 6/12 என்பது 0.3, 6/60 என்பது 1.0. 6/6-ஐவிட நன்றாகப் படித்தால் மைனஸில் போகும்.

கணக்கு இப்படி. உச்சி வரி 1.0 உள்ள அட்டையை அதற்குரிய தூரத்தில் வைத்திருக்கிறீர்கள். சரியாகச் சொன்ன எழுத்தையெல்லாம் எண்ணி, 0.02-ஆல் பெருக்கி, 1.1-இலிருந்து கழியுங்கள். ஒருவர் 0.2 வரி வரை எல்லாம் சரி, 0.1 வரியில் மூன்று, 0.0 வரியில் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். ஒன்பது வரிக்கு 45, அப்புறம் 4, ஆக 49. அதை 0.02-ஆல் பெருக்கினால் 0.98. 1.1-இல் கழித்தால் 0.12. மேலே உள்ள வரிகளைப் படிக்கவைக்காமல் நடுவில் தொடங்கினீர்கள் என்றால், அந்த வரிகளைச் சரி என்று சேர்த்துக்கொள்ள மறக்காதீர்கள். தூரத்தைப் பாதியாக்கினால் வந்த எண்ணோடு 0.3 கூட்ட வேண்டும்.

உச்சி எழுத்தே தெரியவில்லை என்றால்?

அருகே வரச் சொல்லுங்கள். 3 மீட்டரில் உச்சி எழுத்து தெரிந்தால் 3/60. 1 மீட்டரில் தெரிந்தால் 1/60. அதுவும் இல்லையென்றால் விரல்களைக் காட்டி எண்ணச் சொல்லி, எந்தத் தூரத்தில் எண்ணினார் என்று எழுதுங்கள். அடுத்து கை அசைவு தெரிகிறதா, அடுத்து டார்ச் வெளிச்சம் தெரிகிறதா. வெளிச்சமும் தெரியவில்லை என்பதுதான் கடைசிப் படி. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில், நன்றாகத் தெரியும் கண்ணிலும் 3/60-ஐவிடக் குறைவு என்றால் பார்வையின்மை. இந்த நிலையில் வருபவரை எண்ணுக்காக நெடுநேரம் நிறுத்தி வைக்க வேண்டாம், எழுதி உடனே அனுப்பிவிடுங்கள்.

கண்ணாடி போட்டவரைக் கழற்றச் சொல்லிச் சோதிப்பதா?

தூரத்துக்கான கண்ணாடி என்றால் போட்டபடியே. அன்றாடம் அவர் எப்படிப் பார்க்கிறார் என்பதுதான் கேள்வி. எண்ணுக்குப் பக்கத்தில் "கண்ணாடியுடன்" என்று எழுத வேண்டும், அது இல்லாத எண் பின்னால் யாருக்கும் பயன்படாது. படிப்பதற்கு மட்டும் வைத்திருக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி என்றால் கழற்றச் சொல்லுங்கள், அதைப் போட்டால் தூரம் மங்கும். கண்ணாடியை வீட்டில் விட்டுவிட்டு வந்தவருக்கு "கண்ணாடி இல்லாமல், வீட்டில் உள்ளது" என்று எழுதுங்கள்.

ஊசித்துளை வைத்துப் பார்ப்பது எதற்கு?

சுமார் 1.2 மில்லிமீட்டர் துளை உள்ள கறுப்பு மூடி அது. வரம்பு வரியைத் தவறவிட்டவர் அந்தத் துளை வழியாகப் பார்த்து இரண்டு வரி கூடப் படித்தால், குறை பெரும்பாலும் பவரில், கண்ணாடியில் தீரும். துளை வைத்தும் ஏறவில்லை என்றால் கண்புரை, விழித்திரைக் கோளாறு, சோம்பல் கண் என்று வேறு ஏதோ இருக்கலாம், அவரைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும். துளையுடன் வந்த எண்ணைத் தனியாக எழுதுங்கள். அதை வைத்துத் தேறியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

எந்த மதிப்பெண்ணில் மருத்துவரிடம் அனுப்புவது?

திட்டத்துக்குத் திட்டம் மாறும். பிள்ளைகளுக்கு அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் பின்பற்றும் வரம்பு ஒரு நல்ல அளவுகோல். மூன்று வயதில் 20/50, நான்கு வயதில் 20/40, ஐந்து வயது முதல் 20/32. மீட்டரில் முறையே 6/15, 6/12, ஏறக்குறைய 6/9.5. அந்த வரியில் பாதிக்கு மேல் சொல்லாத பிள்ளையை அனுப்ப வேண்டும், ஒரு கண்ணில் தவறினாலும் போதும். பெரியவர்களுக்குப் பல இடங்களில் 6/12 அல்லது 6/18 என்று வைத்திருப்பார்கள். 6/12-ஐவிடக் குறைந்தால் லேசான பார்வைக் குறைபாடு, 6/18-ஐவிடக் குறைந்தால் மிதமானது, 6/60-ஐவிடக் குறைந்தால் தீவிரமானது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பிரிப்பு.

இரண்டு கண்ணும் தேறிவிட்டது, ஆனால் ஒன்று 6/6, மற்றது 6/12. விட்டுவிடலாமா?

பிள்ளை என்றால் விடவே கூடாது. இரண்டு கண்ணுக்கும் இரண்டு வரி வித்தியாசம் வந்தாலே அனுப்ப வேண்டும், இரண்டும் தனித்தனியாக வரம்புக்குள் இருந்தாலும். நன்றாகத் தெரியும் கண்ணையே மூளை நம்பிக்கொண்டு மற்றதைக் கைவிடுவதுதான் சோம்பல் கண். பிள்ளைக்குப் புகார் எதுவும் இருக்காது, இரண்டு கண்ணும் திறந்திருக்கும்போது எல்லாம் தெளிவாகத்தான் தெரிகிறது. இளம் வயதில் சிகிச்சை நன்றாகப் பலிக்கும், வளர வளரக் கஷ்டம். இந்தச் சோதனையில் நாம் செய்யும் ஆகப் பெரிய உதவி இந்தப் பிள்ளையைப் பிடிப்பதுதான் என்பது என் எண்ணம்.

6/12 என்றால் பாதிப் பார்வை போய்விட்டதா?

இல்லை. 6-ஐ 12-ஆல் வகுத்து ஐம்பது சதவீதம் என்று பெற்றோரிடம் சொல்லிவிடாதீர்கள், பயந்துபோவார்கள். பெரும்பாலும் ஒரு கண்ணாடியில் சரியாகிவிடும் அளவு அது. அதேபோல 6/6 உச்சமும் இல்லை. ஆரோக்கியமான இளம் கண்கள் பல 6/5, 6/4 வரிகளையும் படிக்கும்.

6/6 வந்துவிட்டால் கண் நன்றாக இருக்கிறது என்று சொல்லலாமா?

தூரத்து எழுத்து நன்றாகத் தெரிகிறது என்று சொல்லலாம். கண்ணில் நீர் அழுத்த நோய் பக்கப் பார்வையைத் தின்றுகொண்டே வரும்போதும் நடுப்பார்வை கடைசி வரை 6/6 காட்டலாம். தூரப்பார்வைக் குறை (அருகில் உள்ளது மங்கும் குறை) உள்ள பிள்ளை தன் கண்ணின் வலிமையால் இழுத்துப் பிடித்து எல்லா வரியும் படித்துவிடும், அப்புறம் புத்தகத்தைத் திறந்தால் தலைவலி. நாற்பதைத் தாண்டியவருக்கு வெள்ளெழுத்து இருப்பதை இந்த அட்டை காட்டாது, அதற்கு 40 சென்டிமீட்டரில் படிக்கும் அட்டை வேண்டும். நிறக்குறைபாடும் இதில் தெரியாது. தலைவலி, கண்ணில் நீர் வடிதல், மாறுகண் என்று ஏதாவது சொன்னால் எண் எதுவாக இருந்தாலும் அனுப்புங்கள்.

நேற்று 6/9, இன்று 6/6. எது உண்மை?

இரண்டும் இருக்கலாம். களைப்பு, வெளிச்சம், ஆர்வம் என்று பல காரணம். ஒரே ஆளை ஒரே அட்டையில் இரண்டு தடவை சோதித்தாலும் ஒரு வரி வரை முன்பின் வருவது சகஜம். ஒரு வரி மாற்றத்தை வைத்துப் பார்வை குறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டாம். வரம்பை ஒட்டித் தவறியவரை வேறொரு நேரம் மறுபடி சோதிக்கலாம். இரண்டு மூன்று வரி இறங்கியிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

வரிசையில் நிற்கும்போதே பிள்ளைகள் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். என்ன செய்வது?

நன்றாகவே செய்வார்கள். ஒரு தடவை ஒரு சிறுமி வலது கண்ணுக்கு ஒப்பித்த வரியை இடது கண்ணுக்கும் அதே ராகத்தில், அட்டையைப் பார்ப்பதற்கு முன்பே, ஆரம்பித்துவிட்டாள். வலமிருந்து இடமாகப் படிக்கச் சொன்னதும் ராகம் நின்றுபோனது. இரண்டு கண்ணுக்கு இரண்டு அட்டை வைத்துக்கொள்வதும், வரிசையைக் கதவுக்கு வெளியே நிறுத்துவதும் சிறந்தது. ஈ அட்டை என்றால் தலைகீழாகத் திருப்பி மாட்டிவிட்டாலே திசையெல்லாம் மாறிப்போகும், ஆனால் அளவு வரிசையும் மேல்கீழாகும் என்பதால் வரிப் பெயரைக் கவனித்து எழுதுங்கள்.

கடைசியில் தாளில் என்ன எழுத வேண்டும்?

தேதி, தூரம், அட்டையின் வகை, கண்ணாடியுடனா இல்லாமலா, வலது எண், இடது எண், துளையுடன் என்றால் அது தனியாக, அனுப்பியாயிற்றா இல்லையா. பேசிக்கொண்டே நினைவில் வைத்து இரண்டு கண்ணையும் சேர்த்து எழுதலாம் என்று நினைக்காதீர்கள், ஒரு கண் முடிந்ததும் எழுதிவிட்டுத்தான் அடுத்தது.

பிள்ளை அழுதது, ஒத்துழைக்கவில்லை என்றால் கட்டத்தைக் காலியாக விடாமல் "சோதிக்க முடியவில்லை" என்று எழுதுங்கள். அது தேறியதிலும் சேராது, தவறியதிலும் சேராது. ஆனால் சும்மா விட்டுவிடும் வகையும் இல்லை. சோதிக்க முடியாமல் போகும் சிறு பிள்ளைகளிடம் பார்வைக் குறை இருக்கும் வாய்ப்பு, தேறிய பிள்ளைகளைவிட அதிகம். இன்னொரு நாள் கூப்பிடுங்கள். அன்றும் முடியவில்லை என்றால் மருத்துவரிடம் அனுப்புங்கள், அங்கே பிள்ளை வாயைத் திறக்காமலே கண்ணை அளக்கும் வழிகள் இருக்கின்றன.